"கமிட்டியின் முடிவே இறுதியானது": களத்துக்கு வெளியே சொல்லப்படும் சாதிச்சொல்லுக்கு யார் பொறுப்பு?

எங்கள் சோழபுரம் வட்டாரத்தில் கோடை வந்துவிட்டால் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டும் கபடியும் களைகட்டும். போட்டி நோட்டீஸ்களின் அடியில் ஒரு வரி தவறாது இருக்கும்: "கமிட்டியின் முடிவே இறுதியானது." அண்மையில் சட்ட விழிப்புணர்வுக் கூட்டமொன்றில் கல்லூரி மாணவர் ஒருவர் எங்களிடம் கேட்டார்: "தோழர், ஆட்டத்தில் கெட்ட வார்த்தை பேசினால் கமிட்டி வெளியேற்றிவிடுகிறது. அதே ஆள் அன்று இரவு வாட்ஸ்அப்பில் எங்கள் சாதியைச் சொல்லித் திட்டினால் யாரிடம் போவது?"

கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழில்முறை லீக்குகளும் இந்தக் கேள்விக்கு இன்னும் நேர்மையான விடை சொல்லவில்லை.

2020 ஏப்ரலில் இன்ஸ்டாகிராம் நேரலை உரையாடல் ஒன்றில் முன்னாள் வீரர் யுவராஜ் சிங், சக வீரர் யுஸ்வேந்திர சாஹலைக் கேலிசெய்ய, துப்புரவுத் தொழிலில் பிணைக்கப்பட்ட ஒரு தலித் சமூகத்தின் பெயரை வசைச்சொல்லாகப் பயன்படுத்தினார். அச்சொல்லை இங்கே மீண்டும் எழுத விரும்பவில்லை. எதிர்ப்பு எழுந்தபின் அந்த ஜூனில் அவர் வருத்தம் தெரிவித்தார். தலித் உரிமைச் செயற்பாட்டாளரான வழக்குரைஞர் ரஜத் கல்சன் அளித்த புகாரின்மீது ஹரியானாவின் ஹான்சியில் முதல் தகவல் அறிக்கை பதிவானது 2021 பிப்ரவரியில்தான். அக்டோபரில் யுவராஜ் கைதுசெய்யப்பட்டு இடைக்காலப் பிணையில் விடுவிக்கப்பட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழான வழக்கை ரத்துசெய்யப் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் மறுத்தது. பேச்சிலிருந்து அந்த உத்தரவுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்.

யுவராஜ் 2019-லேயே ஓய்வுபெற்றுவிட்டதால் வாரியம் அவரை எப்படித் தண்டிக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே சொல்லை இன்று ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வீரர் சொன்னால் எந்த விதியின்கீழ், யார், எத்தனை நாளில் விசாரிப்பார்கள்?

ஒப்பிட்டுப் பார்ப்போம். 2019 ஜனவரி 22 அன்று டர்பனில் நடந்த ஆட்டத்தில் பாகிஸ்தான் அணித்தலைவர் சர்ஃப்ராஸ் அகமது தென்னாப்பிரிக்காவின் கறுப்பின வீரர் ஆண்டிலே பெலுக்வாயோவை இழிவாகப் பேசினார். ஐந்தே நாளில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அவருக்கு நான்கு ஆட்டத் தடை விதித்தது. நிறவெறிக்கென்று எழுதப்பட்ட விதி இருந்ததே காரணம். அவ்விதியில் இனம், மதம், நிறம் ஆகியவற்றோடு 'வம்சாவளி' என்ற சொல்லும் உண்டு. வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று இனப்பாகுபாட்டு ஒழிப்புக்கான ஐ.நா. குழு 2002-இல் தனது 29-ஆம் பொதுப் பரிந்துரையில் தெளிவுபடுத்தியது. இந்திய அரசு இவ்விளக்கத்தை ஏற்க மறுத்துவருகிறது. ஆகவே, பொருள்கொள்ளுதலை நம்பி நாம் காத்திருக்க முடியாது. 'சாதி' என்ற சொல்லே விதியில் அச்சாக வேண்டும்.

விதி இல்லாதபோது வாரியம் எதற்கு அசைகிறது? 2019 ஜனவரியில் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் பெண்களை இழிவுபடுத்திப் பேசிய ஹர்திக் பாண்டியாவும் கே.எல். ராகுலும் நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் இடைநீக்கப்பட்டனர். விசாரிக்க வேண்டிய நடுவர் அப்போது நியமிக்கப்படவே இல்லை. எனவே இரு வாரங்களுக்குள் இடைநீக்கம் விலக்கப்பட்டது. பின்னர் நடுவராக வந்த நீதிபதி டி.கே. ஜெயின் ஏப்ரலில் தலா 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார். அப்பணம் உயிரிழந்த துணை இராணுவக் காவலர்களின் மனைவியருக்கும் பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கும் சென்றது. நல்ல நோக்கங்களே. ஆனால் இழிவுபடுத்தப்பட்ட பெண்களுக்கும் இத்தொகைக்கும் என்ன தொடர்பு?

2018-இல் முகமது ஷமிமீது அவர் மனைவி புகார் கூறியபோது, வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரித்தது பணம் தொடர்பான குற்றச்சாட்டை மட்டுமே. அதில் தவறில்லை என்றானதும் நிறுத்திவைத்த ஒப்பந்தம் வழங்கப்பட்டது. குடும்ப வன்முறைப் புகாரின் உண்மையைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. அவரைக் குற்றவாளி என்று நாம் சொல்லவில்லை. நாம் கவனிப்பது, வாரியம் எதைத் தன் கவலையாகக் கருதியது என்பதை.

அப்படியென்றால் கடுமையாகத் தண்டியுங்கள் என்று கேட்டால் போதுமா? போதாது. இங்கே நம் தோழர்கள் சிலர் எங்களோடு முரண்படக்கூடும். வரையறையற்ற தண்டனை அதிகாரம் எப்போதும் முதலில் பாயும் இடம் நம் சேரிப் பிள்ளைகள்தாம். வழக்குரைஞர் வைத்துக்கொள்ள வசதியுள்ள நட்சத்திர வீரர் தப்பித்துக்கொள்வார். முதல் ஒப்பந்தத்தோடு கபடி லீக்குக்குப் போன தலித் இளைஞர் 'ஒழுங்கீனம்' என்ற ஒற்றைச் சொல்லில் வெளியேற்றப்படுவார். "கமிட்டியின் முடிவே இறுதியானது" என்ற வரியின் மறுமுகம் இதுவே.

ஸ்ரீசாந்த் வழக்கு இதற்கு ஒரு பாடம். 2013 சூதாட்டப் புகாரில் வாரியம் அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. 2015-இல் டெல்லி நீதிமன்றம் குற்ற வழக்கிலிருந்து விடுவித்தும் வாரியத்தின் தடை நீடித்தது. குற்ற வழக்கில் வேண்டிய அளவு நிரூபணம் ஒழுங்கு விசாரணைக்குத் தேவையில்லை என்பது சட்டத்தில் ஏற்கப்பட்டதே. ஆனால் தண்டனை தவறுக்குப் பொருத்தமான அளவில் இருக்க வேண்டும். 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வாழ்நாள் தடையை விலக்கி, தண்டனை அளவை மறுபடி தீர்மானிக்கச் சொன்னது. அது ஏழாண்டாகக் குறைந்தது. அமெரிக்கக் கால்பந்து லீக், 2014-இல் ரே ரைஸ் தன் வருங்கால மனைவியைத் தாக்கியதற்கு முதலில் இரண்டே ஆட்டத் தடை விதித்தது. காணொளி வெளியாகி மக்கள் கொதித்ததும் காலவரையற்ற தடையாக்கியது. ஒரே செயலுக்கு இருமுறை தண்டனை என்று தீர்ப்பாளர் அதை நீக்கினார். முதலில் சரியாக விசாரிக்காததன் விலை அது.

கிரிக்கெட் வாரியம் தனியார் சங்கம்தானே என்ற வாதமும் நிற்காது. அது அரசியல் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி 'அரசு' அல்ல என்று 2005-இல் சொன்ன உச்ச நீதிமன்றமே, அது பொதுப்பணி ஆற்றுவதால் 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டது என்றும் கூறியது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. வீரர், பயிற்றுநர், வருணனையாளர் என ஒப்பந்தத்தில் உள்ள அனைவருக்குமான நடத்தை விதியில், களத்துக்கு வெளியேயும் சமூக ஊடகத்திலும் நிகழும் சாதி இழிவு தனிக் குற்றமாக எழுதப்பட வேண்டும். அணி உரிமையாளருக்கும் வாரியத்துக்கும் கட்டுப்படாத விசாரணை அலுவலர் வேண்டும். புகார் கொடுத்தவரும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் கேட்கப்பட வேண்டும். தீர்ப்பும் காரணங்களும் வெளியாக வேண்டும். இடைநீக்கத்துக்குக் கால வரம்பும், தண்டனைக்கு மேல்முறையீடும் வேண்டும். வசதியற்ற வீரருக்குச் சட்ட உதவி தரப்பட வேண்டும். லீக் விசாரணை எதுவும் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குக்கு மாற்றாகாது. வருத்தம் தெரிவித்தாயிற்று என்பது காவல்துறை கையைக் கட்டிக்கொள்ளக் காரணமாகாது. 2025-இல் இயற்றப்பட்ட தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கை, தீர்ப்பாயம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. அவற்றின்கீழ் எழுதப்படும் விதிகளில் சாதி வெளிப்படையாக இடம்பெற இப்போதே குரல்கொடுக்க வேண்டும்.

2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் சென்ற தலித் மாணவரின் விரல்கள் வெட்டப்பட்டன. கபடியில் வென்றதால் வந்த பகை என்றது குடும்பம். களம் வேறு, களத்துக்கு வெளியே வேறு என்ற பிரிவினை நம் பிள்ளைகளுக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

சோழபுரத்து மாணவருக்கு நாங்கள் சொன்னது இதுதான். வாட்ஸ்அப் செய்தியைப் படமெடுத்து வையுங்கள், அழிக்காதீர்கள். காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும் முன் கமிட்டியிடம் செல்லுங்கள். நுழைவுக் கட்டணத்துக்கும் பரிசுத்தொகைக்கும் இடையே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: சாதி சொல்லி இழிவுசெய்பவர் களத்திலிருந்தாலும் வெளியிலிருந்தாலும் விசாரிக்கப்பட்டு நீக்கப்படுவார். அந்த வரியைச் சேர்க்கக் கமிட்டி மறுத்தால், மறுத்ததையும் எழுதி வாங்குங்கள்.