கொழுந்து இல்லாத மலையில் ஊக்கத்தொகை எதற்கு?

தோட்டத் தொழிலாளிக்குச் சம்பளத்தைக் கூட்டினால் சோம்பல்தான் கூடும், ஊக்கத்தொகையைக் காட்டினால் கொழுந்து தானாகக் கூடும் என்ற நம்பிக்கை கம்பனிக் காரியாலயங்களைத் தாண்டி, பதுளை நகரத்துப் படித்தவர்கள் வாயிலும் வந்துவிட்டது. இது தவறு மட்டுமல்ல, அநீதியும்கூட.

கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்றார்கள். அதில் அடிப்படை 500தான். வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்காக 30. சேமலாப நிதி 500க்கு மட்டுமே. வேலைநாளில் 75 சதவீதம் வராதவருக்கு 60 கிடைக்கவில்லை. சொன்ன கிலோ எடுக்காதவருக்கு 140 கிடைக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லயத்தில் நின்ற தாய்க்கு அந்த மாத வருகைக் காசே போய்விடக்கூடியதாக இருந்தது. உழைத்தவளின் கூலியில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, நிபந்தனையோடு திருப்பித் தந்த ஏற்பாடு அது.

ஊவாவில் இந்தக் கிலோக் கணக்கு இன்னும் கொடியது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று மலையைக் கடந்து வறண்டு இறங்கும்போது, பசறை, நமுனுகுல, ஹாலிஎல பக்கம் துளிர் மெதுவாகத்தான் விடும். உலகம் தேடி வாங்கும் ஊவா மணம் அந்தக் கொழுந்தில்தான் இருக்கிறது. ஏலத்தில் நல்ல விலையும் அதற்குத்தான். அதைக் கிள்ளித் தரும் பெண்ணுக்கோ அந்த மாதங்களில்தான் ஒரு நாளைக்குச் சொன்ன 18 கிலோ எட்டாமல் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுகிறது. அவளா சோம்பினாள்?

உரம், கவ்வாத்து, களையெடுப்பு, மறுநடுகை எல்லாம் நிர்வாகத்தின் தீர்மானம். 2021இல் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது விளைச்சல் சரிந்தது. எத்தனை ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்திருந்தால் அந்தச் செடி துளிர்த்திருக்கும்?

அளவுக்கு மேல் எடுக்கும் கிலோவுக்குத் தனிக் காசு கொடுங்கள். அதை நான் எதிர்க்கவில்லை. குடும்பம் பசியாறும் அடிப்படைச் சம்பளத்துக்கு மேலே அது வர வேண்டும்.

2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் 1350 ரூபாய் நாட்சம்பளத்தை 1550 ஆக்கியது, வரவேற்கிறேன். கூடவே அரசு தரும் 200 ரூபாயை வருகை ஊக்கத்தொகையாக வைத்தது ஏன்? அதே மாதக் கடைசியில் டித்வா புயலில் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. பாதை அறுந்துபோனவர்கள் எந்த மலைக்கு வேலைக்குப் போவது? அந்த 200ஐயும் அடிப்படையில் சேருங்கள். வறட்சி மாதங்களில் கிலோவைக் குறையுங்கள். நடக்காத காரியமல்ல: 2019 ஜனவரியில் வருகை, உற்பத்தி ஊக்கத்தொகைகள் இரண்டையும் நீக்கி, அடிப்படையை 700 ஆக்கிக் கையெழுத்திட்டவர்கள் இதே கம்பனிகளும் தொழிற்சங்கங்களும்தான்.