மரம் வெட்டப் போனவர்களும் நாமும்

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். இறந்தவர்களில் பலர் நமது திருவண்ணாமலை மாவட்டத்தினர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் கோடாரியாலும் கற்களாலும் தாக்கினார்கள் என்றது ஆந்திரக் காவல்துறை. சிலரைப் பேருந்திலிருந்தே இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று, தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் கூறினார்கள்.

"திருடப் போனால் சுடத்தானே செய்வான்" என்ற பேச்சு அப்போது கீழ்பென்னாத்தூர்ப் பக்கமும் கேட்டது. நாமும் தலையசைத்திருப்போம்.

ஆனால் ஜவ்வாது மலையில் இந்த வேலை எப்படித் தொடங்குகிறது என்று பார்ப்போம். அங்கே சாமையும் புளியும் தேனும்தான் வருமானம். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. மரம் வெட்டும் கைப்பழக்கம் உண்டு, கடனும் உண்டு. அந்த நேரத்தில் முன்பணத்தோடு வருபவர் தரகர். பல நாள் கூலியை ஒரே நடையில் தருவதாகச் சொல்கிறார். முதலில் பக்கத்து வீட்டுக்காரர் போகிறார், பிறகு அவர் மைத்துனர். மரம் கடல் கடந்து போய்விடும். பிடிபடுவது பெரும்பாலும் வெட்டியவரும் சுமந்தவரும்தான்.

இது இரத்தத்தில் ஊறிய குணம் என்றால், அதே மலையாளி பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலையிலும் செம்மரம்தானே பேச்சாக இருக்க வேண்டும்? அங்கே கள்ளச்சாராயம் அல்லவா பேச்சு! எந்தத் தரகர் எந்த மலைக்கு வழி கண்டார் என்பதே வேறுபாடு.

அமெரிக்காவின் சிகாகோ நகரை ஆராய்ந்த கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே இருவரும் 1942-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் கண்டார்கள். சில பகுதிகளில் குடியிருந்த இனத்தவர் மாறிக்கொண்டே இருந்தனர். இளைஞர் குற்றங்களோ அதே தெருக்களில் நீடித்தன. நம் நாட்டிலோ 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, பிறப்பையே குற்றமாக்கினார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல் அது நீங்கியது. ஊர்ப் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் நீங்கவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் பற்றிய வழக்கை சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து எடுத்தது. ஜவ்வாது மலையில் அந்தக் கேள்வியை இன்னும் தரகர்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்: "வேலை வேண்டுமா?"