பேய்க்குக் கூழும் கடவுளுக்குக் கோப்பியும்

பேய்களும் தெய்வங்களும் உண்ண வருவதாகவும் அவர்களுக்கு உணவு படைக்கப்படுவதாகவும் புனையப்படும் நகைச்சுவைக் கதைகள் உயர்ந்த இலக்கியமாகா என்பர் சிலர். அவை வாசகரைச் சமுதாயப் பிரச்சினைகளிலிருந்து திசைதிருப்பும் பொழுதுபோக்குகள் என்பது அவர்தம் வாதம். யதார்த்தத்தை இலக்கியத்தின் ஒரே உரைகல்லாகக் கொண்டோரின் இத்தீர்ப்பு, தமிழிலக்கிய வரலாற்றின் ஓர் இழையையே அறுத்தெறிகின்றது. ஆதலின் இது மறுக்கற்பாலது.

1943 ஆம் ஆண்டு வெளிவந்த புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் சிறுகதையை நோக்குக. சென்னையின் தெருமுனையொன்றில் தோன்றும் கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை கோப்பிக் கடைக்கு அழைத்துச் செல்கின்றார். கோப்பியின் சுவையைத் தமது லீலையெனக் கடவுள் கருத, அது சிக்கரி கலந்த கடைக்காரனின் லீலையெனப் பிள்ளை திருத்துகின்றார். வைத்தியப் பத்திரிகை நடத்தும் அவர், கடவுளையும் ஆயுட்சந்தாதாரராக்க முயல்கின்றார். கலப்படத்தையும் காசையும் மையமாகக் கொண்ட நகர வாழ்க்கையை இதனினும் கூர்மையாகக் காட்டிய யதார்த்தக் கதைகள் எத்தனை? கடவுளை வாடிக்கையாளராக்கியமையே அக்கூர்மைக்குக் காரணம். நாள்தோறும் அக்கோப்பியை அருந்துவோர் கலப்படத்துக்குப் பழகிவிடுவர். புதிதாய் வந்தவரின் வியப்பே அதனை அம்பலப்படுத்துகின்றது.

இம்மரபு மேனாட்டு இறக்குமதியுமன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், போர்க்களத்துப் பேய்கள் பற்களை அரிசியாகவும் மூளையைத் தயிராகவும் கொண்டு கூழ் சமைக்கின்றன. பந்தியில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய் எனப் பலவும் அமர்கின்றன. ஒருபொழுது உண்ணும் சமணப் பேய்க்கு மயிர் நீக்கி வடித்த கூழ் வார்க்கப்படுகின்றது. உண்பவரின் இயல்பறிந்து பரிமாறும் உலகியல் வழக்கமே இங்கு பேயுலகிற்கு ஏற்றப்பட்டுள்ளது.

எனினும், பழைமை என்ற ஒரே காரணத்துக்காகப் பரணியின் நகைச்சுவையை மெச்சுவோரும் தவறிழைக்கின்றனர். அங்கு பகடிக்குள்ளாவோர் பிற சமயத்தவரும் ஊனமுற்றோருமாவர். பசிதீர்ந்த பேய்கள் ஈற்றில் குலோத்துங்கனை வாழ்த்துகின்றன. கொன்று குவித்தவனை நோக்கி ஒரு சிரிப்பேனும் எழவில்லை. சமைக்கப்பட்டவர் யார் என்ற வினாவைப் பந்தியின் ஆரவாரம் மூடிவிடுகின்றது. புதுமைப்பித்தனோ நகைப்பின் திசையையே மாற்றினார். அவரது கதையில் கடைக்காரனும் கந்தசாமிப் பிள்ளையும் மட்டுமன்றிக் கடவுளும் நகைப்புக்குத் தப்பவில்லை.

ஆகவே, கதையில் பேய் உண்டா இல்லையா என்பது விமர்சகனின் முதல் வினாவாதல் கூடாது. சமைப்பவர் யார், உண்பவர் யார், விலை கொடுப்பவர் யார், நகைக்கப்படுபவர் யார் என்பனவே கேட்கப்பட வேண்டியவை. இவ்வினாக்களுக்கு விடையிறுக்கும் கற்பனை யதார்த்தத்தின் பகையன்று, துணையே. இவற்றை எழுப்பாத யதார்த்தக் கதை, மனிதரை மட்டுமே பாத்திரங்களாகக் கொண்டிருப்பினும், வாழ்க்கையிலிருந்து விலகிய வெறுங் கற்பனையேயாகும்.