ரமலானில் வரும் தேர்வுகள்: ஜெர்மனி செல்லும் பரிமாற்ற மாணவர்களுக்கான கோரிக்கை மனு

அனுப்புநர்:
பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனி சென்று திரும்பிய மாணவர்களின் சங்கம்

பெறுநர்:
பல்கலைக்கழகப் பதிவாளர் அவர்கள்,
அயல்நாட்டு உறவுகள் பிரிவு இயக்குநர் அவர்கள்

பொருள்: 2026 அக்டோபரில் ஜெர்மனி செல்லும் மாணவர்களுக்கு ரமலானை ஒட்டிச் செய்யவேண்டிய ஏற்பாடுகள் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வரும் அக்டோபரில் ஒரு பருவம் படிக்கச் செல்லும் மாணவர்களுக்கு அங்கே பிப்ரவரி நடுவில் வகுப்புகள் முடிந்து தேர்வுகள் தொடங்கும். 2027-இல் ரமலான் பிறை பிப்ரவரி 8-ஐ ஒட்டித் தென்படும். நோன்புப் பெருநாள் மார்ச் 10 வாக்கில் வரும். ஏறத்தாழ எல்லாத் தேர்வுகளையும் நோன்போடுதான் எழுதவேண்டியிருக்கும். ஆண்டுதோறும் ரமலான் பத்துப் பதினொரு நாள் முன்னகர்வதால் 2028-இல் ஜனவரி இறுதிக்கு வந்துவிடும். 2030-இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்றும் டிசம்பர் கடைசி வாரத்தில் ஒன்றுமாக இரண்டு ரமலான்கள் தொடங்கும். ஆகவே இது ஒரே ஒரு அணியின் பிரச்சினையாக முடிந்துவிடாது.

பசியைப் பற்றி முறையிட நாங்கள் வரவில்லை. 2016-இல் ரமலான் ஜூன் மாதம் வந்தபோது பெர்லினில் நோன்பு 18 மணி நேரத்தைத் தாண்டியது. பிப்ரவரித் தொடக்கத்திலோ பதினொன்றரை மணி நேரம்தான். அதே நாளில் சென்னையில் நோன்பு இருப்பவருக்கு அதைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதல். குளிர் காலத்தில் தாகமும் அவ்வளவாகத் தெரியாது. வீட்டில் அம்மாமார் கவலைப்படும் அளவுக்கு உடம்பு வாடுவதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. அங்கே மாலை வகுப்புகள் பெரும்பாலும் 4.15 முதல் 5.45 வரை நடக்கும். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் பெர்லினில் சூரியன் மறைவது 5 மணி 10 நிமிட வாக்கில். நோன்பு திறக்கும் நேரம் வகுப்பின் நடுவில் விழுகிறது. ஒரு பேரீச்சம்பழத்தையும் ஒரு மிடறு தண்ணீரையும் பேராசிரியர் எவரும் மறுக்கமாட்டார். ஆனால் புதிதாக வந்த மாணவர் கேட்கக் கூச்சப்பட்டு, ஆறு மணி வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். எங்களில் பலர் உட்கார்ந்திருந்தோம். மாணவர்கள் புறப்படுமுன்பே தங்கள் அலுவலகம் அங்குள்ள துறைகளுக்கு இரண்டு வரியில் ஒரு கடிதம் எழுதிவிட்டால் இந்தக் கூச்சத்துக்கு இடமிருக்காது.

இந்த மனுவின் முதன்மையான கோரிக்கை மறுதேர்வு பற்றியது. அங்கே ஒரு தேர்வைத் தள்ளிப்போடப் பொதுவாக மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். நோன்பும் பெருநாளும் அந்தக் கணக்கில் வருவதில்லை. மறுதேர்வு பல துறைகளில் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோதான். அதற்குள் நம் மாணவரின் விடுதி ஒப்பந்தம் முடிந்திருக்கும், திரும்பும் விமானச் சீட்டும் எடுத்தாகியிருக்கும். ஊர் திரும்பினால், அந்தப் பாடத்துக்கு மதிப்பெண் வரவில்லை என்று இங்கே நிலுவைத் தாள் விழுகிறது. தேர்வு பெருநாளன்றே அமைந்துவிட்டால், தொழுகைக்குப் போவதா, தேர்வு எழுதுவதா என்று அந்த மாணவர் தனியாக முடிவெடுக்கவேண்டியிருக்கிறது. எனவே, அத்தகைய தேர்வை ஊர் திரும்பிய பின் நமது வளாகத்திலேயே மேற்பார்வையுடன் எழுதலாம் என்ற ஒரு விதியைப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டுகிறோம். இதை அங்குள்ளவர்கள் வினோதமாகப் பார்ப்பார்கள் என்று தயங்கவேண்டாம். ஹாம்பர்க் மாநிலம் 2012-இலும் பிரேமன் மாநிலம் 2013-இலும் இஸ்லாமிய அமைப்புகளோடு ஒப்பந்தம் செய்து பெருநாள்களை ஏற்றிருக்கின்றன. 2024-இல் பிராங்க்பர்ட் நகராட்சி கடைத்தெருவில் ரமலான் விளக்குகளே தொங்கவிட்டது. வாழ்த்து சொல்லும் மனம் அங்கே இருக்கிறது. மாணவர் சார்பில் எழுத்தில் கேட்பதற்குத்தான் ஆளில்லை.

அடுத்தது உணவுப்படி. இதன் ஒரு பகுதி அங்குள்ள மாணவர் உணவகமான மென்சாவின் அட்டையில் ஏற்றித் தரப்படுகிறது. மென்சா பெரும்பாலும் மதியம்தான் இயங்கும். நோன்பு மாதத்தில் அந்தப் பணம் அட்டையிலேயே தூங்குகிறது. மாணவரோ கைக்காசைப் போட்டுக் கடையில் அரிசியும் பருப்பும் வாங்குகிறார். அந்த ஒரு மாதத்துக்காவது படியை வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் அடைத்திருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைக்கவேண்டும் என்பதுகூடப் பலருக்கு முதல் வாரம் பட்டினி கிடந்த பிறகே தெரிகிறது.

விடுதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. நோன்பு தொடங்குமுன் உண்ணும் சஹர் உணவுக்கான சமையல் விடிகாலை 4.45-க்கு, பொதுச் சமையலறையில். குக்கர் விசில் அடித்தால் மறுநாள் கதவில் புகார்ச் சீட்டு ஒட்டியிருக்கும். (முதல் நாளே பக்கத்து அறைகளுக்குச் சொல்லிவைத்தவர்களுக்குச் சீட்டு வந்ததில்லை, சிலருக்குக் கேக் வந்தது.) நோன்பாளிகளை, அவர்கள் விரும்பினால், ஒரே தளத்தில் தங்கவைக்க விடுதி நிர்வாகத்திடம் கேட்கலாம். பள்ளிவாசல்கள், அவற்றில் பெண்கள் தொழும் இடம், நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு யாரையும் வரவேற்று அமரவைக்கும் துருக்கியர் பள்ளிவாசல்கள், ஹலால் கடைகள் ஆகியவற்றை நகரவாரியாகத் தொகுத்து ஒரு கையேடு எழுதித்தர எங்கள் சங்கம் தயார். அச்சிட்டுத் தருவது தங்கள் பொறுப்பாகட்டும். பயணத்துக்கு முந்தைய வழிகாட்டுக் கூட்டத்தில் எங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். இப்போது அந்த நேரம் முழுவதும் விசாவுக்கும் காப்பீட்டுக்கும் போய்விடுகிறது.

இம்மனுவில் கையொப்பமிட்டவர்களில் நோன்பு இல்லாதவர்களும் உண்டு. ஒரே சமையலறையைப் பகிர்ந்து, விடிகாலையில் சஹர் சமையலுக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். பொங்கல் போன்ற பிற பண்டிகைகளும் இதே போலத் தேர்வோடு மோதலாம் என்பதால், மறுதேர்வு விதியை எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாகவே எழுதும்படி அவர்கள் கேட்டுக்கொண்டனர். சங்கமும் அதையே வலியுறுத்துகிறது.

ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும் முன் எங்கள் பிரதிநிதிகள் மூவரை அழைத்துப் பேசவும், எடுக்கும் முடிவை மாணவர்கள் புறப்படும் நாளுக்கு ஒரு மாதம் முன்பாக எழுத்துமூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்

இணைப்பு: உறுப்பினர் கையொப்பத் தாள்கள், மறுதேர்வு விதிக்கான வரைவு
நகல்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்