அலுமாரித் தட்டும் ஐம்பதாயிரம் வீடும்

மடு வீதியிலிருந்து பிரிந்து செல்லும் மீள்குடியேற்ற ஊர்களின் உள்ளொழுங்கைகளில் நடந்தால் ஒரு காட்சி அடிக்கடி கண்ணிற்படும். வீட்டின் பின்புறம், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், மாரி மழையில் ஊறி உப்பிய சிப்போட் அலுமாரி ஒன்று சாய்ந்து கிடக்கும். கதவுகள் நன்றாகவே இருக்கும். பூட்டும் வேலை செய்யும். நடுத்தட்டு மட்டும் ஏணைபோலத் தொய்ந்து, தாங்கிகள் பக்கப் பலகையைப் பிய்த்துக்கொண்டு விழுந்திருக்கும். அந்த ஒரு தட்டுக்காக முழு அலுமாரியும் முற்றத்துக்கு வந்துவிட்டது. வாங்கிய தவணைப் பணமோ இன்னும் கட்டி முடிந்திராது.

அரை நாள் வேலையில் மீட்கக்கூடிய பொருள் அது. அதை மீட்கும் வழக்கம் நம்மிடம் அருகிப்போனதற்குப் போர் ஒரு காரணம். போருக்குப் பின் வீடு கட்டித் தந்தவர்களின் கணக்கு மற்றொரு காரணம் என்பது என் கருத்து.

அலுமாரி என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. கதிரை, மேசை, சாவி எல்லாம் அவ்வழி வந்தவைதாம். 1560இல் மன்னாரைப் பிடித்தவர்களின் தளபாடம் காலப்போக்கில் நம் வீட்டுப் பொருளாயிற்று. முதிரையிலும் பாலையிலும் நம் ஓடாவிமார் அதைச் செய்தார்கள். அந்த அலுமாரிகள் மூன்று தலைமுறை நின்றன. தட்டு தொய்ந்தால் ஓடாவியார் வருவார், கழற்றிப் புரட்டிப் போடுவார், அடியில் ஒரு றீப்பை அடிப்பார், தேநீர் குடித்துவிட்டுப் போவார்.

இடப்பெயர்வு இதை அறுத்தது. 1990 முதல் மடுத் தேவாலயத்தைச் சுற்றி அகதிகள் கொட்டில்களில் இருந்தார்கள். 2008 ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேர்ந்தது; அவ்வாண்டு ஓகஸ்டில்தான் திரும்பி வந்தது. சனம் உழவு இயந்திரப் பெட்டிகளில் அலுமாரிகளையும் ஏற்றிக்கொண்டுதான் புறப்பட்டது. அடுத்தடுத்த இடப்பெயர்வில் அவை ஒவ்வொன்றாக வழியில் விடப்பட்டன. கடைசியில் எஞ்சியது காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைத்த ஒரு பொலித்தீன் பை. அந்தப் பை இன்றும் பல வீடுகளில் வளையில் தொங்குகிறது. அதை எடுத்து வைக்க ஓர் உறுதியான தட்டு இல்லை என்பதைத்தான் இங்கே பேசுகிறேன்.

இந்திய வீடமைப்புத் திட்டம் 50,000 வீடுகளுக்கானது. அவற்றில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும். வீட்டுக்கு 550,000 ரூபாய், கட்டங்கட்டமாக வங்கிக் கணக்கில். நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் வீடமைப்பில் எண்ணிக்கைதான் எப்போதும் தலைப்புச் செய்தியாகும். அத்திவாரம், சுவர், கூரை என்று அளந்து பணம் விட்டார்கள். சுவருக்குள் ஒரு தட்டு வைத்தாயா என்று கேட்டுப் பணம் விட்டவர் எவருமில்லை. கட்டும்போதே சுவரில் இடைவெளி விட்டுக் கொங்கிறீற் தட்டு இரண்டு பதித்திருந்தால் செலவு சொற்பம், கறையானும் தின்னாது.

2015இன் பிற்பகுதியில் எழுந்த 65,000 பொருத்து வீடுகள் பற்றிய சர்ச்சை நினைவிருக்கும். ஒவ்வொன்றும் 20 இலட்சம் ரூபாய்க்கு மேல். தளபாடமும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். வெக்கை பற்றியும் துரு பற்றியும் நிறையப் பேசப்பட்டது. எனக்கு எழுந்த கேள்வி சிறியது: அந்த இரும்புத் தகட்டுச் சுவரில் வீட்டுக்காரர் தாமாக ஒரு தட்டு அடித்துக்கொள்வது எப்படி?

இனி அந்த முற்றத்து அலுமாரிக்கு வருவோம். தட்டு ஏன் தொய்கிறது? சீராகப் பரவிய பாரத்தில், தாங்கிகளுக்கிடையிலான நீளம் இரட்டித்தால் தொய்வு பதினாறு மடங்காகும். தடிப்பு இரட்டித்தால் எட்டில் ஒன்றாகக் குறையும். மூன்றடி அகல அலுமாரிக்கு 16 மி.மீ. சிப்போட் போட்டு விற்பவர்களுக்கு இது தெரியாத விடயமல்ல. மருந்து அதற்குள்ளேயே இருக்கிறது. தட்டின் நடுவில் கீழிருந்து ஒரு முண்டு கொடுத்தால் நீளம் பாதியாகும், தொய்வு பதினாறில் ஒன்றாகும். அதற்கு இடமில்லையென்றால் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் இரண்டு அங்குல றீப்பையை நிமிர்த்தி வைத்துப் பசையிட்டுத் திருகாணியால் முடுக்கலாம். தட்டைப் புரட்டிப் போடுவது மட்டும் போதாது. சில மாதங்களில் மறுபக்கம் தொய்யும்.

தாங்கி பிய்ந்த துளையில் பெரிய ஆணியை அடிப்பதுதான் பலரும் செய்யும் வேலை. சிப்போட் அத்தோடு உதிர்ந்துவிடும். பக்கப் பலகையில், தட்டின் ஆழத்துக்கு ஒரு றீப்பையைக் கிடையாகப் பொருத்தி அதன்மேல் தட்டை வைப்பதே சரி. தட்டின் உயரத்தை மாற்ற விரும்பினாலும் இதுவே வழி. புதிய அலுமாரிகளில் 32 மி.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளைகள் வரிசையாக இருக்கும். எல்லாம் பழுதாவதில்லை, நல்ல துளைக்குத் தாங்கியை ஒரு படி ஏற்றினாலும் போதும். கரையோர ஊர்களில் இரும்புத் திருகாணியை உப்புக்காற்று தின்னும். பித்தளை அல்லது துருப்பிடியா உருக்குக் கேளுங்கள். அலுமாரியின் கால்களுக்குக் கீழே கல் வைத்து நிலத்திலிருந்து உயர்த்துங்கள். மாரியில் நிலத்து ஈரம் ஏறித்தான் சிப்போட் உப்புகிறது.

பழைய முதிரைத் தட்டு எங்காவது கிடந்தால் விறகாக்க வேண்டாம். மடு வீதிச் சரணாலயம் 2015இல் தேசியப் பூங்காவாகிவிட்டது. காட்டு மரம் இனி எளிதில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மரம் ஏற்றினால் லொறி பொலிஸ் நிலையத்தில் நிற்கும். இருக்கிற மரத்தை அறுத்துத் திருத்துவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வெளிநாட்டிலிருந்து "அம்மாவுக்கு ஒரு அலுமாரி எடுத்துக் கொடுங்கோ" என்று காசு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2022 நெருக்கடிக்குப் பின் அந்தக் காசுக்கு வருவது முன்னையதைவிட மெல்லிய பலகை. அனுப்புமுன் பழைய அலுமாரியின் படமொன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சட்டமும் கதவும் நேராக இருந்தால், ஊரிலுள்ள ஓடாவி ஒருவருக்கு ஒரு நாள் கூலியும் நாலு றீப்பையும் போதும்.