தடைக்கு முன்பே விழுந்த சங்கம்

1948 ஜூன் 16. பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜூலை 23இல் மலாயா கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை வந்தது. கொலை, அவசரகாலம், தடை என்று வழக்கமாகச் சொல்லப்படும் இந்த வரிசையில் ஒரு தேதி விடுபட்டுப் போகிறது. துப்பாக்கி வெடிப்பதற்குச் சில நாள் முன்பே, ஜூன் இரண்டாம் வாரத்தில், தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. வெவ்வேறு தொழில் செய்பவர்கள் ஒரே சம்மேளனத்தில் சேரக் கூடாது. அந்தத் தொழிலில் மூன்றாண்டு வேலை பார்க்காதவர் பொறுப்புக்கு வரக் கூடாது. இவ்வளவுதான் திருத்தம். ஆனால் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனம் அதோடு சட்டவிரோதமாகிவிட்டது. மலாயாத் தமிழர்களைப் பொறுத்தவரை கட்சித் தடையைவிடப் பெரிய அடி அதுதான் என்பது என் கருத்து.

மலாயா கம்யூனிஸ்ட் கட்சி 1930இல் தொடங்கியது. ஜப்பானிய ஆட்சியில் காட்டுக்குள்ளிருந்து போராடியது. 1945க்குப் பிறகு கட்சி வெளியே வந்தது. மூன்று ஆண்டு அலுவலகம் வைத்து, பத்திரிகை நடத்தி, ஊர்வலம் போயிற்று. பின்னாளில் கட்சியின் பொதுச் செயலாளராகி, தலைக்கு விலை வைக்கப்பட்ட சின் பெங்குக்கு அன்று பிரிட்டன் விருது அறிவித்திருந்தது. அந்த மூன்று ஆண்டில் தோட்டத் தமிழனுக்குக் கங்காணியையும் கணக்கெழுதும் கிராணியையும் தாண்டித் தன் குறையைச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது. இருள் பிரியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று, பேர் கொடுத்து, கித்தா என்ற ரப்பர் மரம் சீவப் போன மனிதர்கள், சுரங்கத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்த சீனர்களோடு ஒரே கொடியின் கீழ் வந்தார்கள். கட்சியின் வழிகாட்டலில் இயங்கிய சம்மேளனத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். 1947இல் கெடாவில் தொண்டர் படை என்ற தோட்டத் தொழிலாளர் அமைப்பின் இளைஞர்கள் கள்ளுக்கடைகளை மறித்தார்கள். பாடுபட்டு வாங்கிய கூலி தோட்டத்துக்குள்ளேயே இருந்த கள்ளுக்கடையில் போய்ச் சேருவதை நிறுத்தினால்தான் சங்கம் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நிர்வாகங்களும் அதைப் புரிந்துகொண்டன. போலீஸ் வந்தது, தொழிலாளர் உயிரும் போயிற்று.

பிரிட்டிஷ் பவுண்டைச் சார்ந்த நாடுகளின் அன்றைய ஸ்டெர்லிங் வட்டாரத்தில் அதிக டாலர் சம்பாதித்துக் கொடுத்தது மலாயாவின் ரப்பரும் ஈயமும். போரில் கடனாளியான பிரிட்டன் அதை நம்பித்தான் மூச்சு விட்டது. அந்த ரப்பரைச் சீவுகிற கைகள் ஒன்று சேர்வதை லண்டன் எப்படிப் பார்த்திருக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

கட்சியின் பங்கையும் மறைக்கக் கூடாது. 1948 மார்ச்சிலேயே அது மோதல் பாதைக்குத் திரும்பியிருந்தது. சுங்கை சிப்புட் கொலைகள் தலைமையின் உத்தரவால் நடந்தவை அல்ல என்று சின் பெங் தன் நினைவு நூலில் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அடுத்த பன்னிரண்டு ஆண்டில் மாண்ட ஏறக்குறைய 2,500 பொதுமக்களில் பலர் கெரில்லாக்கள் கையால் மாண்டவர்கள்தான். தலைமறைவு வாழ்க்கை கட்சியையும் உள்ளிருந்து அரித்திருந்தது. எட்டு ஆண்டு பொதுச் செயலாளராக இருந்த லாய் டெக் பிரிட்டிஷாருக்கும் ஜப்பானியருக்கும் உளவு சொன்னவர். 1942இல் பத்து குகை அருகே கூடிய தலைவர்களை ஜப்பானியர் சூழ்ந்து கொன்றது அவர் கொடுத்த தகவலால். 1947இல் அவர் கட்சிப் பணத்தோடு ஓடிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது. யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாத ரகசியத்தில்தான் இப்படி ஒருவர் அத்தனை காலம் தலைவராக இருக்க முடியும்.

தடைக்குள்ளான சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ்.ஏ.கணபதி. தஞ்சை மண்ணிலிருந்து போனவர், நேதாஜியின் படையில் இருந்தவர். 1949 மார்ச்சில் கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாகப் பிடிபட்டார். வழியில் கிடந்ததை எடுத்து போலீசில் ஒப்படைக்கக் கொண்டுபோனேன் என்றார். அவசரகாலச் சட்டப்படி ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு. நேருவின் அரசு அவருக்காகப் பேசியது. ஏப்ரல் கடைசியில் லண்டனில் காமன்வெல்த் மாநாடு முடிந்தது. குடியரசான பிறகும் இந்தியா அந்த அமைப்பில் நீடிக்கலாம் என்று அங்கே முடிவானது. அதற்குச் சில நாளிலேயே, மே 4ஆம் தேதி, கோலாலம்பூர் புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின நாள்தான் அவருக்குப் பின் சம்மேளனப் பொறுப்பேற்ற வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இரண்டு நாளில் இரண்டு தமிழ்த் தலைவர்கள். மலாயா கம்யூனிஸ்ட் இயக்கத்தைச் சீனர்களின் கலகம் என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் இந்த இரண்டு பேரை எங்கே வைக்கிறார்கள்? காட்டில் மலாய்க்காரர்களைக் கொண்ட பத்தாவது படைப்பிரிவு இருந்ததையும் அதிலிருந்த அப்துல்லா சி.டி., ரஷீத் மைதீன், ஷம்சியா ஃபாக்கே போன்றவர்களையும் என்ன செய்வது?

பிறகு முள்வேலிகள் எழுந்தன. சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் காட்டோரத்துச் சீனக் குடியானவர்கள், புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். லயங்கள் என்ற தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளையும் ஓரிடத்தில் கூட்டி வேலி அடைத்தார்கள். காட்டுக்குள் ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாது என்பதுதான் கணக்கு. அதனால் வேலிக் கதவில் ஆணையும் பெண்ணையும் தடவிச் சோதித்தார்கள். பல இடங்களில் மரம் சீவப் போகிறவர் கட்டுச்சோறு கொண்டுபோக முடியாது; விடியலில் போய் வெயில் ஏறும் வரை வெறும் வயிற்றோடுதான் வேலை. கடையில் டின் உணவு வாங்கினால் கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், சேமித்து வைக்க முடியாதபடி.

இந்தப் போரை நிறுத்த 1955 டிசம்பரில் ஒரு வாய்ப்பு வந்தது. கெடாவின் பாலிங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் இரண்டு நாள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கட்சியைச் சட்டப்படி ஏற்க வேண்டும் என்றார் சின் பெங்; கலைத்துவிட்டு வா என்றார் துங்கு. பேச்சு முறிந்தது. ஆனால் உள்நாட்டுப் பாதுகாப்பு உங்கள் கைக்கு வந்தால் ஆயுதத்தைப் போடுகிறோம் என்று சின் பெங் சொன்ன வார்த்தை, அடுத்த மாதம் லண்டனில் விடுதலை பேசப் போன துங்குவுக்குக் கைகொடுத்தது. பாலிங்தான் சுதந்திரத்துக்கு வழி திறந்தது என்று துங்குவே பின்னாளில் எழுதினார். ஆயுதம் கீழே வைக்கப்படுவதற்கோ 1989 டிசம்பர் 2 வரை, தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் ஒப்பந்தம் ஆகும் வரை, இன்னும் முப்பத்து நான்கு ஆண்டு பிடித்தது.

ஒப்பந்தம் வந்தும் சின் பெங் ஊர் திரும்பவில்லை. மலேசியாவில் பிறந்தவர் என்பதற்குப் பிறப்புப் பத்திரம் காட்டு என்றது நீதிமன்றம். 1948இல் நடந்த சோதனையில் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது அந்தப் பத்திரத்தைத்தான் என்பது அவர் தரப்பு. 2009இல் கடைசி மேல்முறையீடும் தோற்றது. 2013இல் பாங்காக்கில் இறந்தார். 2019இல் அவருடைய சாம்பலை ரகசியமாகக் கொண்டுவந்து லூமுட் கடலிலும் தித்திவங்சா மலைக்காட்டிலும் கரைத்தபோது, அதற்கும் போலீஸ் புகார் போனது. அவரைப் பற்றி மலேசிய இயக்குநர் அமீர் முகமது எடுத்த ஆவணப்படத்துக்கு 2006இல் தடை.

சின் பெங்கைப் பற்றியாவது இப்படி ஒரு விவாதம் நடக்கிறது. கணபதியைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சில்லை. கணபதியின் இடத்துக்கு 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் வந்தது, சட்டம் வரைந்த கோட்டுக்குள் நின்று கூலி பேசியது. அதே ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். லயத்தோடு சேர்த்து வேலையையும் இழந்தவர்கள் தமிழர்கள். அப்போது சுரங்கத்தையும் துறைமுகத்தையும் தோட்டத்தோடு சேர்த்து ஒரே நாளில் நிறுத்தக்கூடிய சங்கம் மலாயாவில் இல்லை. அதைத்தான் 1948 ஜூன் இரண்டாம் வாரத்தில் கலைத்திருந்தார்கள்.