தாய்மொழியில் முழங்கிய மாழை

உலகச் சந்தையில் விலைபோக வேண்டுமாயின் ஆங்கிலத்திற் பாடுக என்பது இசை வணிகர் நெடுங்காலமாய் ஓதிவரும் பாடம். அதற்குச் செருமனியிலிருந்தே சான்றும் காட்டுவர். 1965-இல் அன்னோவர் நகரில் தோன்றிய 'சுகார்ப்பியன்சு' என்னும் குழு ஆங்கிலத்திற் பாடியே உலகெங்கும் பெயர்பெற்றது. அவர்தம் வெற்றியை நாம் மறுக்கவில்லை. அஃது ஒன்றே வழி என்பதைத்தான் மறுக்கிறோம். மறுப்புக்குரிய சான்றும் அதே நாட்டில்தான் இருக்கின்றது. அது 'இராம்சுடைன்' என்னும் இசைக்குழு.

மின் கித்தாரும் முரசும் கொல்லன் உலைக்களம்போல் அதிரும் இசைவகையை மேலையர் மாழையின் பெயராலேயே அழைப்பர். அவ்விசையைச் செருமானிய மொழியில் முழக்குவதற்கு 1994-இல் பெர்லினில் அறுவர் கூடினர். அறுவரும் பழைய கிழக்குச் செருமனியில் வளர்ந்தவர்கள். அந்நாட்டுப் பள்ளிகளில் முதல் அயன்மொழி உருசியமேயன்றி ஆங்கிலம் அன்று. அங்கே ஓர் இசைக்குழு மேடையேற வேண்டுமாயின் அரசு அமர்த்திய குழுவினர்முன் பாடிக்காட்டி ஒப்புதல் பெறல் வேண்டும். செருமானியத்திற் பாடுமாறும் அரசு வற்புறுத்தியது. அவ்வடக்குமுறையை நாம் போற்றவில்லை. ஆயினும் அந்நெருக்கடிக்குள்ளேயே தாய்மொழியில் துள்ளிசை பாடும் மரபொன்று வேரூன்றியது.

1990-இல் இரு செருமனிகளும் ஒன்றாயின. கிழக்கின் ஆலைகள் பல மூடப்பட்டன, பலர் வேலையிழந்தனர், கிழக்கிற்குரியன யாவும் பழமைப்பட்டனவாக எள்ளப்பட்டன. அந்நிலையில் எழுந்த குரலே இவர்களுடையது. பாடல் எழுதிப் பாடுபவரான தில் இலிண்டெமான் கூடைமுடையும் தொழில் செய்தவர். வெர்னர் இலிண்டெமான் என்னும் பாவலரின் மகன். இளங்குழுக்களுக்கான போட்டியொன்றில் வென்று, பரிசாகப் பெற்ற ஒலிப்பதிவு வாய்ப்பே இவர்தம் முதற்படி. 1995-இல் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. 1997-இல் 'ஏக்கம்' எனப் பொருள்படும் பெயருடைய இரண்டாம் தொகுப்பு செருமனியில் முதலிடம் பெற்றது. அவ்வாண்டே அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் தேவிடு இலிஞ்சு தம் படமொன்றில் இவர்தம் பாடல்கள் இரண்டைச் சேர்த்தார்.

இனி மொழிவல்லார் உற்றுநோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இவர்தம் புகழ்மிக்க பாடல் 'தூ அசுத்து' என்பது. செருமானியத்தில் 'நீ உடையாய்' என்பதும் 'நீ வெறுக்கிறாய்' என்பதும் எழுத்தில் வேறாயினும் ஒலியில் ஒன்றே. மேலும், அம்மொழியின் இறந்தகாலத் தொடரில் துணைவினை முன்னே வரும். பொருளை முடிவுசெய்யும் வினை, நம் மொழியிற் போலவே, தொடரின் இறுதியிலேயே வந்து நிற்கும். ஆதலின், பாடுவோர் இடையில் நிறுத்துந்தோறும் கேட்போர் 'வெறுக்கிறாய்' என்றே கொள்வர். இறுதி வினை வந்தபின்னரே உண்மைப் பொருள் விளங்கும். இரட்டுறமொழிதலை நன்கறிந்த நமக்கு இதன் நயத்தை விரித்துரைக்க வேண்டா.

வணிக நோக்கில் அப்பாடலுக்கு ஆங்கில வடிவமும் பதிவு செய்யப்பட்டது. அதில் 'வெறுக்கிறாய்' என்னும் ஒருபொருளே எஞ்சியது. பாட்டின் உயிர்நிலை போயிற்று. உலகம் எதனை ஏற்றது? செருமானிய வடிவத்தையே ஏற்றது. 1999-இல் அமெரிக்கக் கிராமி விருதுக்கு முன்மொழியப்பட்டதும் அதுவே. 2010-இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் இவர்கள் பாடிய நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டுகள் அரைமணி நேரத்திற்குள் விற்றுத்தீர்ந்தன. 2019-இல் வெளிவந்த தொகுப்பு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஒன்பதாம் இடம் பெற்றது. பொருளறியாதார் பல்லாயிரவர் செருமானியச் சொற்களை உடன்பாடினர். அவருட் சிலர் அம்மொழியைக் கற்கவும் தொடங்கினர்.

மொழி ஒன்றே இவ்வெற்றியைத் தந்தது என்று கூறோம். மேடையில் இவர்கள் மூட்டும் பெருந்தீயும், கட்டுக்குலையாத அறுவர் ஒற்றுமையும் பெருந்துணை செய்தன. இவர்தம் பாடற்பொருள் அனைத்தும் நமக்கு உடன்பாடும் அன்று. ஒரு பாடலின் பொருட்டு 2009-ஆம் ஆண்டுத் தொகுப்பை இளையோர்க்கு விற்கலாகாதெனச் செருமானிய அரசே தடுத்தது. மறு ஆண்டில் அத்தடை நீங்கியது.

இன்னொன்றும் கூறல் வேண்டும். ரகரத்தை உருட்டி, படைநடைபோற் பாடும் இவர்களை இட்லரின் வழியினர் என்று பழித்தாரும் உளர். 1998-இல் நாசிக்காலத் திரைப்படக் காட்சிகளை எடுத்தாண்டு அப்பழிக்கு இவர்களே இடந்தந்தனர். 2001-இல், தம் நெஞ்சு இடப்பக்கமே துடிக்கின்றதென இடதுசாரிச் சார்பு தோன்றப் பாடி விடையிறுத்தனர். 2019-இல் தம் நாட்டின் பெயராலேயே ஒரு பாடல் இயற்றி, அந்நாட்டை விரும்பவும் இயலாமல் விலக்கவும் இயலாமல் தவிக்கும் உள்ளத்தைக் காட்டினர். தன் மொழியை விடாது பற்றுவான் தன் நாட்டின் குற்றத்தை மறைத்தல் வேண்டும் என்பதில்லை. குற்றத்தை எடுத்துரைத்தற்கும் தாய்மொழியே உரிய கருவி. மொழிப்பற்று வேறு, பிறரை அடக்கும் வெறி வேறு. இவ்வேறுபாட்டை உணராதார் இரண்டையும் கெடுப்பர்.

அயலார்க்கு விளங்காதே என்றஞ்சித் தன் மொழியை மறைப்பவன், தன்னிடமுள்ள தனிச்சரக்கை மறைத்து, ஊரெல்லாம் கிடைக்கும் சரக்கையே விற்கப் புறப்படுகின்றான். பாட்டெழுதும் இளைஞர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. உலகம் வரட்டும், நம் வாயிலில் நம் மொழியே நிற்கட்டும்!